தேயிலைச் சக்கையில் தினமும் ஒரு படம்

காலையில் தேத்தண்ணி ஊற்றியபின் வடியில் மிஞ்சும் சக்கையைக் கொட்டிவிடாதீர்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டு, பாதியாக வற்றும்வரை கொதிக்கவைத்து வடியுங்கள். அன்றைய படத்துக்குச் சாயம் தயார். தபாலட்டை அளவுத் தாளில் ஒரே ஒரு நினைவை மட்டும் வரையுங்கள்: தோட்டத்து லயன் வீட்டு இஸ்தோப்பு (முன் திண்ணை), அம்மாவின் கொழுந்துக்கூடை, அப்பாயி உட்கார்ந்த பலகை, எதுவானாலும் சரி.

தேயிலையில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் தாளில் பழுப்பாகப் படியும். காய்ந்தபின் மேலே பூசப் பூச நிறம் கூடும், ஆகவே ஒரே சாயத்தில் வெளிச்சமும் நிழலும் கிடைத்துவிடும். எந்த நிறம் என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தினமும் வரையும் பழக்கம் நின்றுபோவது பெரும்பாலும் அந்த யோசனையில்தான் என்பது என் எண்ணம். கறுப்பு வேண்டுமா? கொஞ்சச் சாயத்தில் துருப்பிடித்த ஆணியை ஓரிரு நாள் ஊறவிடுங்கள். இரும்பும் டானினும் சேர்ந்து கருமையாகும். அந்தப் போத்தலைக் குசினியில் மட்டும் வைக்காதீர்கள்.

சீனியோ பாலோ கலந்த தேத்தண்ணி இதற்கு ஆகாது. எறும்பு வரும், நுவரெலியாப் பக்கத்து ஈரத்தில் பூஞ்சணமும் பிடிக்கும். மெல்லிய கொப்பித் தாள் சுருங்கிவிடும், தடித்த சித்திரத் தாளே நல்லது. வெயில் படும் சுவரில் மாட்டும் படத்துக்கும் இது வேண்டாம். வெளிச்சத்தில் மெல்ல வெளிறிவிடும் என்பதால், படம் காய்ந்த அன்றே ஃபோனில் ஒரு பிரதி எடுத்துவையுங்கள்.