மந்த காலத்தில் பின்பால் மெஷின் வாங்குவதானால்

அமெரிக்காவில் பழைய பின்பால் மெஷின் (சாய்வான பலகையில் உருளும் பந்தைத் தட்டித் தட்டி ஆடும் விளையாட்டு மெஷின்) வாங்குவதாக இருந்தால், பொருளாதாரம் மந்தமாகும் சமயத்தில் அரிய மாடல்களைத் துரத்தாமல், அதிகம் தயாரான மாடல்களைத் தேடுங்கள். கையில் ரொக்கம், ஏற்றிப்போக வண்டி இரண்டோடும் போய் விலை பேசுங்கள்.

உதாரணமாக, 1992-இல் பாலி (Bally) என்ற பிராண்டில் வந்த ஆடம்ஸ் ஃபேமிலி மாடல் 20,000-க்கும் மேல் தயாரானது. வேலை போய், வீடு மாறும் நெருக்கடியில் ஒரே மாடலைப் பலர் ஒரே நேரத்தில் விற்க வரும்போது விலை இறங்கும். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள இதைப் பார்சலில் அனுப்புவது பெரும்பாடு என்பதால், அன்றே தூக்கிக்கொண்டு போகிறவருக்கு விற்பவர் இறங்கி வருவார். அரிய மாடல் வைத்திருப்பவரோ பெரும்பாலும் வசதியானவர், காத்திருப்பார். அப்புறம், கேட்கும் விலையை நம்பாதீர்கள்; விற்று முடிந்த விலையைப் பாருங்கள்.

எல்லா மந்தத்துக்கும் இது பொருந்தாது. 2020-இல் கொரோனாவால் வேலைகள் போனபோதும், வீட்டில் அடைந்திருந்தவர்கள் போட்டி போட்டு வாங்கியதால் விலை ஏறத்தான் செய்தது. பந்து ஓடும் பலகையில் பெயிண்ட் தேய்ந்துபோன மெஷினையும் மலிவு என்று எடுக்க வேண்டாம். மிச்சம் பிடித்ததை ரிப்பேர் செலவு விழுங்கிவிடும்.