“டில இருக்குத்தானே” எண்டு நம்பி விண்டோஸ் அடிக்காதீங்கோ

கடையில என்னோட நிண்டு வேலை பழகுற பொடியன் போன கிழமை ஒரு பழைய லப்டொப்ப மேசையில வச்சு, புதுசா விண்டோஸ் அடிக்க (ஏத்த) எண்டு பென் டிரைவக் குத்தின கையோட டிலீட் அடிக்க வெளிக்கிட்டான், நான் ஓடிப்போய் கையப் பிடிச்சிட்டன். என்னடா எண்டு கேட்டா, “அண்ணே, சாமான் எல்லாம் டி டிரைவ்ல இருக்காம், சிய மட்டும் அடிச்சாப் போதுமாம், அந்த அங்கிள் சொல்லிட்டார்” எண்டான். 2013ல நானும் இதே கதைய நம்பித்தான் கெட்டன்.

2025 ஒக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு வழமையான அப்டேட் நிண்டதால திருமலையில அலுமாரிக்குள்ள கிடந்த லப்டொப் எல்லாம் வெளியில வருது. வீடியோ பாத்து தாங்களே அடிக்கிற பிள்ளையளும் கூடிட்டாங்க, நல்ல விசயம், பழகட்டும். பேக்கப் எடு, பென் டிரைவச் சரியா செய் எண்டெல்லாம் எல்லாரும் சொல்லுவாங்க, அத நான் திருப்பிச் சொல்லேல்ல. நான் பட்டதச் சொல்றன்.

டி டிரைவ் பத்திரமான இடமில்ல

மூதூர்ல இருந்து ஒரு ரீச்சர் லப்டொப் கொண்டு வந்தா. விண்டோஸ் 7, 500 ஜிபி ஹாட் டிஸ்க், சி, டி எண்டு சரிபாதியா ரெண்டாப் பிரிச்சிருந்தது. “டில எல்லாம் இருக்கு தம்பி, சிய மட்டும் அடிச்சுத் தாங்கோ” எண்டா. நானும் ஓம் எண்டு தொடங்கிட்டன்.

விண்டோஸ எங்க போடுறது எண்டு கேக்கிற அந்தப் பக்கத்தப் பாருங்கோ. அங்க சியும் இல்ல, டியும் இல்ல, பிரிச்ச துண்டெல்லாம் பார்ட்டிசன் எண்டு நம்பராத்தான் நிக்கும். டிரைவ் 0 பார்ட்டிசன் 1, பார்ட்டிசன் 2, பார்ட்டிசன் 3, பக்கத்தில சைஸ், அவ்வளவுதான். 500 எண்டு வாங்கின டிஸ்க் விண்டோஸ் கணக்கில 465 சொச்சம்தான் காட்டும், அதப் பாதியாப் பிரிச்சா ரெண்டும் 232 சொச்சம். முதல்ல ஒரு குட்டிப் பார்ட்டிசன், அதுக்குக் கீழ 232, அதுக்கும் கீழ இன்னொரு 232. மேல இருக்கிறதுதானே சி எண்டு நினைச்சு ரெண்டாவத போமட் பண்ணி அதுக்குள்ள அடிச்சு முடிச்சன்.

முடிஞ்சு மை கொம்பியூட்டரத் திறந்து மற்ற டிரைவுக்குள்ள போனா, அங்க பழைய விண்டோஸ் போல்டரும் புரோகிராம் பைல்ஸும் அப்பிடியே கிடக்குது. வயிறு பத்தி எரிஞ்சுது. நடந்தது என்னெண்டா, எனக்கு முன்னால ஆரோ ஒருத்தர் அந்த லப்டொப்புக்கு மூண்டாவது பார்ட்டிசன்ல விண்டோஸ் அடிச்சிருக்கிறார், விண்டோஸ் அனேகமா தான் ஏறின இடத்தையே சி எண்டு சொல்லும், அது வரிசையில எங்க இருந்தாலும் சரி, அதால ரீச்சர் டி எண்டு பாத்துக்கொண்டு இருந்தது உண்மையில மேல இருந்த ரெண்டாவது பார்ட்டிசன். அதத்தான் நான் அழிச்சது.

ரெண்டு நாள் ரிக்கவரி சொப்ட்வெயார் போட்டு ஓட்டினன். படங்கள் வந்துது, பேர் இல்லாம வெறும் நம்பரா, மேல்பாதி மகன்ட பிறந்தநாள், கீழ்ப்பாதி சாம்பல் நிறம். வேர்ட் பைல் அனேகமா திறக்கவே இல்ல. ரீச்சர் சண்டை பிடிக்கேல்ல. “புலமைப்பரிசில் பேப்பர் மட்டும் வருமா தம்பி” எண்டு கேட்டா. அது வரேல்ல. இண்டைக்கும் ஆராவது “டில இருக்கு” எண்டு சொன்னா எனக்குக் கோவம் வாறது இதாலதான். ஒரே டிஸ்க்க ரெண்டாப் பிரிச்சு வச்சிட்டு அதப் பத்திரம் எண்டு சொல்றது, ஒரு அலுமாரியில மேல்தட்டு கீழ்தட்டு மாதிரித்தான், அலுமாரி எரிஞ்சா ரெண்டு தட்டும் சேந்துதான் எரியும்.

இப்ப நான் செய்யிறது இதுதான். பழைய விண்டோஸ் இன்னும் ஓடுதெண்டா அதுக்குள்ளயே டிஸ்க் மனேஜ்மென்ட்ட (பார்ட்டிசன் எல்லாத்தையும் காட்டிற இடம்) திறந்து, எந்த எழுத்து எந்த வரிசையில, எவ்வளவு சைஸ்ல இருக்கு எண்டு போன்ல படம் எடுத்து வைப்பன். பிறகு டிய ரைட் கிளிக் பண்ணி இங்கிலீஷ் எழுத்தில ஒரு பேர் வைப்பன், அந்தப் பேர் அடிக்கக்குள்ள வாற லிஸ்ட்லயும் தெரியும். எல்லாத்தையும் வெளி டிஸ்க் ஒண்டில கொப்பி பண்ணி, அதுல அஞ்சாறு பைல வேற கொம்பியூட்டர்ல திறந்து பாப்பன், கொப்பி ஆகினதெண்டு நினைச்சது திறக்காம விட்ட கதையும் இருக்கு. கடைசியா அந்த வெளி டிஸ்க்கக் கழட்டி மேசை லாச்சிக்குள்ள வைப்பன். அதக் குத்தினபடி அடிக்கத் தொடங்கினா அதுவும் அந்த லிஸ்ட்ல டிரைவ் 1 எண்டு வந்து நிக்கும், அவசரத்தில அதையே அழிச்ச ஆக்களும் இருக்கிறாங்க.

பிழையா அழிச்சிட்டீங்களா

கைய எடுங்கோ. அடிக்கிறத நிப்பாட்டுங்கோ. பார்ட்டிசன் மட்டும் டிலீட் ஆகி அதுக்கு மேல ஒண்டும் எழுதப்படாட்டி, டெஸ்ட்டிஸ்க் எண்ட இலவச சொப்ட்வெயாரால ஹாட் டிஸ்க்ல அனேகமா மீட்கலாம். எஸ்எஸ்டி (சுத்துற தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) எண்டா போமட் பண்ணின கையோட உள்ளுக்க இருக்கிறதத் துடைச்சு விட்டிரும், அதுல நம்பிக்கை குறைவு.

பாமினி எழுத்து

அடிச்சு முடிச்சுக் குடுத்த அடுத்த நாள் “பைல் எல்லாம் கெட்டுப்போச்சு” எண்டு போன் வரும். கெடேல்ல. அது பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில அடிச்ச பைல், புது விண்டோஸ்ல அந்த எழுத்துரு இல்ல, அதால “அம்மா” எண்டு அடிச்சது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் எண்டு இங்கிலீஷ் எழுத்தா நிக்கும். பாமினியப் போட்டா திரும்பத் தமிழாகிரும். அழிக்கிறதுக்கு முதல் பழைய விண்டோஸ்ல இருக்கிற பொன்ட்ஸ் போல்டரையும் கொப்பி பண்ணுங்கோ. பேப்பர் அடிக்கிற ரீச்சர்மார், கோயில் நோட்டீஸ் அடிக்கிற ஆக்கள்ட லப்டொப் எண்டா இத மறக்கவே வேணாம்.

லப்டொப்பால ஏலாதத ஏத்தாதீங்கோ

விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்பு வசதி வேணும், இன்டெல் எண்டா அனேகமா எட்டாவது தலைமுறை, இல்லாட்டி அதுக்குப் பிறகு வந்த புரொசசர் வேணும். ரூபஸ் எண்ட பென் டிரைவ் செய்யிற சொப்ட்வெயாரால அந்தச் சோதனையத் தாண்டி அடிக்கலாம்தான், ஆனா 4 ஜிபி ரேமும் சுத்துற ஹாட் டிஸ்க்கும் உள்ள லப்டொப்புக்கு அப்பிடி அடிச்சுக் குடுத்தா, ஒன் பண்ணிட்டுத் தேத்தண்ணி குடிச்சு முடிக்கிற வரைக்கும் அது சுத்திக்கொண்டு நிக்கும். முதல்ல எஸ்எஸ்டி ஒண்டு போடுங்கோ. அதுக்கும் காசில்லையா, விண்டோஸுக்குப் பதிலா இலவச லினக்ஸ் மின்ட்ட, எக்ஸ்எப்சிஈ எண்ட பாரமில்லாத பதிப்பா அடிங்கோ, 4 ஜிபியில வடிவா ஓடும்.

உப்புக்காத்து

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடற்கரை ஓரம் இருக்கிற வீட்டு லப்டொப் பாதி அடிக்கக்குள்ள நீலத் திரை வந்து நிண்டா, உடன பென் டிரைவ மாத்தி மாத்தி அடிக்காதீங்கோ. ஒருக்கா நான் மூண்டு பென் டிரைவ் மாத்தி ஒரு நாளக் கெடுத்தன், கடைசியில பாத்தா ரேம்ட தங்க நிறப் பல்லுல மங்கலா ஒரு படை. பற்றரியக் கழட்டி, ரேம எடுத்து, அழிறப்பரால மெதுவாத் தேச்சு, தூசத் தட்டித் திரும்பப் போட்டன், ஒரே தரத்தில ஏறிச்சுது.

பற்றரி செத்த லப்டொப்

கரண்ட் போற நாளில தொடங்காதீங்கோ.

பிட்லொக்கர்

டிஸ்க்கப் பிட்லொக்கர் எண்ட விண்டோஸ் பூட்டால பூட்டியிருந்தா, அதத் திறக்கிற 48 இலக்க ரிக்கவரி கீ கையில இல்லாம பயோஸ (ஒன் பண்ணக்குள்ள வாற லப்டொப்ட அடிப்படை செட்டிங்) தொடவே வேணாம்.