உலகப் போரில் இறந்த நம்மூர்ச் சிப்பாய்க்குப் பெயரோடு கல் நடுவது எப்படி

தமிழ்நாட்டில் சில ஊர்களில் பழைய சாவடிச் சுவரிலோ பள்ளிக்கூட வாசலிலோ சின்னதாக ஒரு சலவைக்கல் பதித்திருக்கும். இந்த ஊரிலிருந்து 1914–1919 பெரும்போருக்கு (முதல் உலகப் போர்) இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் சில வரிகள். எண் இருக்கும், பெயர் இருக்காது. நம் நடுகல் மரபு அப்படியில்லை. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பக்கத்து நடுகற்களில் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, செத்தவன் பெயர் என்ன, யாருடைய மகன் அல்லது சேவகன், எதற்காகப் பட்டான் என்பதுவரை வெட்டியிருக்கிறார்கள். புதிதாக வைக்கும் கல்லுக்கும் அதுதான் அளவுகோல்: பெயர், தகப்பன், ஊர், படை, இறந்த இடம், நாள். இந்த ஆறும் கிடைக்கும்வரை கல் வாங்கப் போகாதீர்கள்.

முதலில் பழைய கல்லைப் படியுங்கள். வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பில் எழுத்து மூடிப்போயிருக்கும். கம்பி பிரஷ், உப்புத்தாள், ஆசிட் எதுவும் வேண்டாம். விளக்குத் தேய்க்கிற பழக்கத்தில் புளியோ எலுமிச்சையோ எடுக்க வேண்டாம். சலவைக்கல்லும் சுண்ணாம்பு வகைதான். புளிப்பு எதுவானாலும் மேல்பூச்சோடு கல்லையும் சேர்த்துக் கரைத்துவிடும். பச்சைத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிட்டு, மெல்லிய பல்துலக்கும் பிரஷ்ஷாலும் மூங்கில் குச்சியாலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். வெயில் நேராக விழும்போது வெட்டெழுத்து தெரியாது. இருட்டின பிறகு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் சுவரை ஒட்டிப் பிடித்தால் ஒவ்வொரு எழுத்தின் நிழலும் எழும்பி வரும். அப்போது படமெடுங்கள். கல்லை மட்டும் இடம் பெயர்க்காதீர்கள். சுவரிலிருந்து பெயர்க்கும்போது மூலை உடையும், எந்த ஊர்க் கல் என்ற சாட்சியும் போய்விடும்.

அடுத்து வீடுகள். பூசை அறையிலோ பரணிலோ ஏறக்குறைய 12 செ.மீ. விட்டமுள்ள வட்டமான வெண்கலத் தகடு கிடக்கலாம். முதல் உலகப் போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு அனுப்பிய தகடு அது. பெரிய ஆளோ சின்ன ஆளோ, அதில் பதவி போடாமல் பெயர் மட்டும் வார்த்திருப்பார்கள். பதக்கம் இருந்தால் அதன் முகத்தை விட்டுவிட்டு விளிம்பைப் பாருங்கள். முதல் போரின் வட்டப் பதக்கங்களின் விளிம்பில்தான் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். பளபளப்பாக்க நினைத்துத் தேய்த்தால் முதலில் அழிவது அந்த விளிம்பெழுத்துத்தான்.

இனி பதிவேடு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடல் இலவசம். முதல் போரில் 4 ஆகஸ்ட் 1914 முதல் 31 ஆகஸ்ட் 1921 வரை, இரண்டாம் போரில் 3 செப்டம்பர் 1939 முதல் 31 டிசம்பர் 1947 வரை பணியில் இறந்தவர்கள் அதில் இருக்கிறார்கள். குண்டடியில்தான் இறந்திருக்க வேண்டும் என்றில்லை. மலேரியாவில் போனவரும், படையோடு போன சமையற்காரரும், தண்ணீர் சுமந்தவரும் சேர்த்தி. அவர்களைப் பட்டியலிலிருந்து தள்ளுவது பெரிய தவறு.

தேடுகிறவர்கள் கைவிடுவது பெரும்பாலும் எழுத்துக்கூட்டலில்தான். சிப்பாயின் ஒற்றைப் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில்தான் பதிந்திருப்பார்கள்; முதல்பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரம் ஓரிடத்தில் எல், ஓரிடத்தில் ஆர், ஓரிடத்தில் இசட்-எச். ‘சாமி’ என்பதை ஐந்தாறு விதமாக எழுதியிருக்கிறார்கள். ஆகவே முதல் மூன்று நான்கு எழுத்தை மட்டும் கொடுத்து, இந்தியப் படை என்று வடிகட்டி, வருகிற பட்டியலைத் தரவிறக்கி, அதற்குள் ஊர்ப் பெயரைத் தேடுங்கள். இரண்டாம் போர்ப் பதிவுகள் பலவற்றில் “இன்னார் மகன், இன்ன ஊர்; இன்னார் கணவர்” என்று குறிப்பே இருக்கும். மாவட்டம் அந்தக் காலத்து மாவட்டம். தருமபுரிக்காரர் சேலத்தில் இருப்பார், திண்டுக்கல்காரர் மதுரையில், ஈரோட்டுக்காரர் கோயம்புத்தூரில், திருவண்ணாமலைக்காரர் வட ஆற்காட்டில். செங்கல்பட்டு ‘சிங்கிள்புட்’, திருநெல்வேலி ‘டின்னவெல்லி’.

படைப்பிரிவின் பெயரும் குழப்பும். முதல் போரில் ‘மதராஸ் ரெஜிமெண்ட்’ என்று தேடினால் ஆள் கிடைக்காது. அப்போது இருந்தவை 63-ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி (இன்ஃபன்ட்ரி என்றால் காலாட்படை), 83-ஆவது வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி, எண்கள் தாங்கிய கர்னாடிக் இன்ஃபன்ட்ரிகள், 61-ஆவது பயனியர்கள். 1922-இல் பழைய காலாட்படைகளைச் சேர்த்து 3-ஆவது மதராஸ் ரெஜிமெண்ட் என்றாக்கி, அந்தப் பத்தாண்டிலேயே கலைத்தும் விட்டார்கள். இன்றைய மதராஸ் ரெஜிமெண்ட் இரண்டாம் போரின்போது மறுபடி எழுந்தது. மதராஸ் சேப்பர்ஸ் என்ற பொறியியல் பிரிவு தனிப் படை. அவர்களின் ஆவணம் பெங்களூரில், காலாட்படையின் ஆவணம் நீலகிரி வெலிங்டனில். கடிதம் எழுதும்போது சிப்பாய் எண்ணைக் கட்டாயம் குறிப்பிடுங்கள், ஒரே பெயரில் எத்தனையோ பேர் உண்டு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்புவது நல்லது.

கல்லறையைத் தேடி அலையாதீர்கள். இந்துச் சிப்பாய்களைப் பெரும்பாலும் எரித்தார்கள். நாகாலாந்தின் கொஹிமாவில் 917 இந்து, சீக்கியப் படைவீரர்களுக்குத் தனி எரியூட்டு நினைவுச்சின்னம் இருக்கிறது. பர்மாவில் உடலே கிடைக்காதவர்கள் ஏறக்குறைய 27,000 பேரின் பெயர் ரங்கூன் அருகே டாக்யானில் உள்ள ரங்கூன் நினைவுமண்டபத் தூண்களில் இருக்கிறது. ஈராக்கின் பஸ்ரா நினைவுச்சின்னத்தில் இந்திய அதிகாரிகளின் பெயரை மட்டும் வெட்டிவிட்டு, மற்றவர்களை எண்ணிக்கையாக விட்டார்கள். அந்த ஏற்றத்தாழ்வுக்கு ஆணையமே 2021-இல் மன்னிப்புக் கேட்டது. அங்கே விடுபட்ட பெயரை ஊரில் வெட்டி வைப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

வாசகம் எழுதும்போது சொல்லில் கவனம் வேண்டும். “நாட்டு விடுதலைக்காக உயிர்நீத்தார்” என்று போடாதீர்கள். அவர் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்தார். வயிற்றுக்கடுப்பில் இறந்தவருக்கு “போர்க்களத்தில் வீரமரணம்” என்று எழுதினால் பதிவேட்டைப் பார்க்கிற பேரன் கல்லையே நம்பமாட்டான். “பணியில் இருக்கும்போது இறந்தார்” என்பது போதும், அதில் ஒரு குறையும் இல்லை. 1944-இல் இத்தாலியின் மிக்னானோவில் தோழர்களைக் காக்கக் கண்ணிவெடிமேல் விழுந்து ஜார்ஜ் கிராஸ் என்ற உயர்ந்த பிரிட்டிஷ் வீரப் பதக்கம் பெற்ற மதராஸ் சேப்பர்ஸ் சுபேதார் சுப்பிரமணியன் போன்றவர்களுக்கு, செய்ததை அப்படியே ஒரு வரியில் சொன்னாலே அடைமொழி தேவைப்படாது.

இடம் பஞ்சாயத்துப் புறம்போக்கானால் கிராம சபைத் தீர்மானம் வாங்குங்கள். “வெள்ளைக்காரனுக்காகச் செத்தவனுக்கு எதற்குக் கல்?” என்று யாராவது கேட்பார்கள். கல் அந்த அரசுக்கு அல்ல, ஊரில் பிறந்த ஆளுக்கு என்பதைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். நெடுஞ்சாலை ஓரம் வேண்டாம். சாலையை அகலப்படுத்தும்போது முதலில் போவது அதுதான்.

கல் கருங்கல்லாகவே இருக்கட்டும். நாலரை அடி உயரம், இரண்டடி அகலம், நாலு அங்குலக் கனம் என்றால் எடை சுமார் 225 கிலோ; இறக்க ஆளோடு செயின் பிளாக்கும் (சங்கிலிக் கப்பி) வேண்டும். ஒன்றரை அடி மண்ணுக்குள் போகும். மூன்றடிக்கு இரண்டரை அடி, ஆழம் இரண்டடி குழி எடுத்து, அடியில் அரையடி கான்கிரீட் போட்டு இறுகவிட்டு, அதன்மேல் கல்லை நிறுத்தி, சுற்றிலும் கான்கிரீட்டால் நிரப்புங்கள். சிமெண்ட் ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நாலு என்ற கலவையில் இரண்டரை மூட்டை சிமெண்ட் பிடிக்கும். கல்லுக்கு மூன்று நாள் முட்டு, கான்கிரீட்டின் மேல் ஏழு நாள் ஈரச் சாக்கு. கரிசல் மண்ணானால் குழியை மூன்றடிக்கு இறக்கி அடியில் சரளை நிரப்புங்கள். இல்லையென்றால் மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கிற அந்த மண் ஒரே வருஷத்தில் கல்லைச் சாய்த்துவிடும்.

எழுத்து ஓர் அங்குல உயரம், மூன்று மி.மீ. ஆழம். அந்த அளவில் வரிக்குப் பதினாறு பதினேழு எழுத்துத்தான் கொள்ளும். ஒருவருக்கு நாலு வரி என்று வைத்தால் இந்தக் கல் மூன்று பேருக்குச் சரி. தங்க நிறப் பெயிண்ட் இரண்டு மழைக்காலத்தில் உரிந்துவிடும். மெருகேற்றிய கருப்புக் கல்லில் வெட்டு தானே வெளுப்பாகத் தெரியும். பெரிய ஆபத்து எழுத்துருவில் இருக்கிறது. கடையின் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ‘கொ’, ‘கௌ’ சிதறும், புள்ளி காணாமல் போகும். வெட்டும் முன் முழு அளவில் தாளில் அச்செடுத்து, ஒருவர் எழுத்தெழுத்தாக உரக்கப் படிக்க, இன்னொருவர் பதிவேட்டோடு ஒத்துப்பார்க்க வேண்டும்.

திறக்கும் நாளாக நவம்பர் 11 காலை 11 மணியை வைக்கலாம். 1918-இல் போர் ஓய்ந்த நேரம். ஆனால் குடும்பத்துக்கு முக்கியம் இறந்த தேதி. அது தெரியாமல் ஆடி, மகாளய அமாவாசைகளில் பொதுவாகத் தண்ணீர் விட்டுவந்த வீடுகள் உண்டு. பதிவேட்டுத் தேதியைப் பழைய பஞ்சாங்கத்தில் பார்த்தால் திதி கிடைக்கும். அதை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். கிறிஸ்தவக் குடும்பமானால் நவம்பர் 2 கல்லறைத் திருநாள் பொருந்தும்.

நிகழ்ச்சி இருபது நிமிஷம் போதும். பெயர்களை அந்தந்த வீட்டுக்காரர் வாசிக்கட்டும். பிறகு பியூகிளில் (படையின் ஊதுகொம்பு) லாஸ்ட் போஸ்ட் என்ற அஞ்சலி இசை, இரண்டு நிமிஷ மௌனம், மௌனத்தை முடிக்கும் ரூஸ் இசை. மௌனத்துக்கு முன்னால் மைக் செட்டையும் ஜெனரேட்டரையும் நிறுத்தச் சொல்லிவையுங்கள். பேச்சாளர்களைப் பெயர் வாசிப்புக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

எல்லாப் பதிவுகளின் நகலையும் மூன்று கோப்பாக்கி ஒன்று பஞ்சாயத்து அலுவலகத்தில், ஒன்று நூலகத்தில், ஒன்று குடும்பத்திடம் வையுங்கள். கல்லில் மண்ணுக்கு மேலே தெரியும் பகுதியின் கீழ்ப்பக்கம் ஓர் அடி இடம் வெறுமையாக விடச் சொல்லுங்கள். அடுத்த பெயர் கிடைக்கும்போது வெட்ட இடம் வேண்டும்.