டெல்லி - டோக்கியோ: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? நீங்களே கணக்குப் போடலாம்

டெல்லியில் இரவு 8 மணிக்குக் கிளம்பி மறுநாள் காலை 7 மணிக்கு டோக்கியோவில் இறங்குவதாக டிக்கெட்டில் போட்டிருந்தால், பலரும் விரலை மடக்கி 11 மணி நேரப் பயணம் என்று சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் ஏழரை மணி நேரம்தான். தூரம், காற்று, கடிகாரம் மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் இந்தக் குழப்பமே வராது.

முதலில் தூரம். உலக உருண்டை ஒன்றை எடுத்து, இரண்டு ஊர்களுக்கும் நடுவில் ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். உருண்டை 30 செ.மீ. குறுக்களவு என்றால் அதன் சுற்றளவு சுமார் 94 செ.மீ., அதுதான் பூமியின் 40,000 கி.மீ. நூல் 14 செ.மீ.-க்குக் கொஞ்சம் குறைவாக வரும், கணக்குப் போட்டால் 5,860 கி.மீ. வாக்கில் நிற்கும். நூல் போகும் வழியையும் கவனியுங்கள்: பாதி வழியில் அது டோக்கியோவையும் விட வடக்கே ஏறியிருக்கும். தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் இது தெரியவே தெரியாது, அதனால் அந்தக் கோட்டை நம்பாதீர்கள். கூகுள் மேப்ஸில் ஓர் இடத்தில் வலது கிளிக் செய்து தூரம் அளந்தாலும் இதே வளைந்த வழிதான் கிடைக்கும்.

ஆனால் விமானம் அப்படியே நூல் பிடித்த மாதிரி போகாது. அந்த வழியில் இமயமலையும் திபெத் பீடபூமியும் இருக்கின்றன. கேபினில் காற்றழுத்தம் போனால் விமானி சட்டென்று 10,000 அடிக்கு, அதாவது சுமார் 3 கி.மீ. உயரத்துக்கு, இறங்க வேண்டும். திபெத்திலோ தரையே சராசரியாக 4,500 மீட்டரில் இருக்கிறது. அதனால் தெற்கே சுற்றித்தான் பெரும்பாலும் போவார்கள், தூரம் சில நூறு கி.மீ. கூடும்.

அப்புறம் வேகம். மணிக்கு 900 கி.மீ. என்று வைத்து வகுத்து, ஓடுபாதையில் ஓடுவதற்கும் ஏறி இறங்குவதற்கும் அரை மணி சேர்த்தால் ஏழு மணி நேரத்தைத் தாண்டும்.

இங்கேதான் காற்று வருகிறது, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம், குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மணிக்கு 300 கி.மீ.-யைக்கூடத் தாண்டும். 1920களிலேயே பலூன்களைப் பறக்கவிட்டு இதைக் கண்டறிந்தவர் ஜப்பானிய வானிலையாளர் ஓய்ஷி வாசாபுரோ. போகும்போது இந்தக் காற்று முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். அதே தூரம்தான், ஆனால் திரும்பி வர ஒன்பது, ஒன்பதரை மணி நேரம்கூட ஆகிவிடும்.

சரி, கடைசியாகக் கடிகாரம். டோக்கியோ நேரம் இந்திய நேரத்தைவிட 3 மணி 30 நிமிடம் முன்னால். கிழக்கே போகும்போது டிக்கெட்டில் தெரியும் இடைவெளியிலிருந்து அதைக் கழியுங்கள்: 11 மணியில் மூன்றரை போனால் ஏழரை. திரும்பும்போது கூட்டுங்கள்: டோக்கியோவில் காலை 11.30-க்குக் கிளம்பி டெல்லியில் மாலை 5.30-க்கு இறங்கினால் 6 மணியோடு மூன்றரை சேர்ந்து ஒன்பதரை. இரு நாடுகளிலும் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லாததால் வருடம் முழுக்க இதே வித்தியாசம்தான். கோடையில் கடிகாரத்தை மாற்றும் லெபனான், இஸ்ரேல் போன்ற நாடுகளுக்குக் கணக்குப் போடும்போது மட்டும் பயணத் தேதியில் வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்; அவை மேற்கே இருப்பதால் போகும்போது கூட்டி, திரும்பும்போது கழிக்க வேண்டும்.