சாக்ஸபோனுக்கு மைக் வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் கல்யாண விருந்துகளில் சாக்ஸபோன் வாசிக்கும் பையன்கள் கூடிவிட்டார்கள். சாக்ஸபோன் வித்வான் கத்ரி கோபால்நாத்தைக் கேட்டுக் கேட்டுக் கர்நாடக சங்கீதத்துக்குள் வந்தவர்கள் ஒரு பக்கம், பழைய சினிமாப் பாட்டை டிராக் போட்டு வாசிப்பவர்கள் ஒரு பக்கம். வாசிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மைக் விஷயத்தில் மட்டும் நாங்கள் அந்தக் காலத்தில் அடித்த அதே கூத்து.

பேட்டரி தீர்ந்துபோவது, கேபிளை வீட்டில் வைத்துவிட்டு வருவது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. ஒருமுறை பட்டால் அதுவே புத்தி சொல்லிவிடும். இங்கே சொல்லப் போவது பணத்தைத் தின்னும் தவறுகளை.

மைக்கைப் பெல்லுக்குள் இறக்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான். வளைகிற கழுத்து வைத்த கிளிப் மைக் ஒன்றை வாங்குவார்கள். பெல் என்கிற, சாக்ஸபோனின் அகன்ற வாய் விளிம்பில் மாட்டுவார்கள். கழுத்தை வளைத்து, மைக் தலையைப் பெல்லுக்குள் நட்டநடுவில் இறக்கிவிடுவார்கள். சத்தம் அங்கிருந்துதானே வருகிறது என்ற நினைப்பு. விளம்பரப் படங்களிலும் மைக் அப்படித்தான் உள்ளே தலை நீட்டிக்கொண்டு அழகாக நிற்கிறது.

அங்கிருந்து மட்டும் வருவதில்லை. எல்லாத் துளைகளையும் மூடி ஆக அடியில் உள்ள சுரத்தை ஊதும்போதுதான் சத்தம் முழுக்கப் பெல் வழியே வரும். மற்ற சுரங்களில் பெரும்பகுதி, குழலில் முதலில் திறந்திருக்கும் துளைகள் வழியாகவே வெளியேறிவிடுகிறது. அதைத் தாண்டிப் பெல் வரை போவது பெரும்பாலும் கூர்மையான மேல் அதிர்வுகள்தான். மைக் பெல்லுக்குள் இருந்தால் அடிச் சுரங்கள் இடி மாதிரி விழும், நடு ஸ்தாயி மெலிந்துவிடும், மேலே போகப் போக வெறும் கீச்சொலிதான் மிஞ்சும். போதாததற்கு, ஒரு திசையில் மட்டும் கேட்கும் மைக்குகள் சத்தம் பிறக்கும் இடத்தை நெருங்க நெருங்க அடித்தொனியை இன்னும் ஊதிப் பெருக்கும்.

போன தைப்பூசம் கழிந்து நடந்த ஒரு விருந்தில் நான் கூட இருந்தேன். ஆல்ட்டோ சாக்ஸ் வாசித்த தம்பிக்கு நல்ல மூச்சு, நல்ல ஞானம். கீழே இறங்கும்போதெல்லாம் மேசையில் கண்ணாடி டம்ளர் அதிர்ந்தது. சவுண்ட் சிஸ்டம்காரர் அடித்தொனியைக் குறைத்தார். சத்தம் தகர டப்பா மாதிரி ஆனது. மேல்தொனியைக் கூட்டினார், ஸ்பீக்கர் ஊளையிட்டது. இடைவேளையில் தம்பி வந்து, "மைக் சரியில்லைண்ணே, இதையும் மாத்தணும்" என்றான். "இதையும்" என்றால் ஏற்கெனவே மலிவான ஒன்றைத் தூக்கிப்போட்டுவிட்டு, ஆயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கியது இது. அடுத்ததன் விலைப் பக்கம் கைப்பேசியில் தயாராகத் திறந்திருந்தது.

நான் செய்தது இவ்வளவுதான். மைக் தலையை வெளியே இழுத்து, பெல் விளிம்புக்கு மேலே நாலு விரல்கட்டை உயரத்தில் நிறுத்தி, நேராகக் கீழே பார்க்காமல் வலக்கைச் சாவிகள் இருக்கும் பக்கம் சாய்த்தேன். "மோகனத்தை ஒருதடவை ஏறி இறங்கு" என்றேன். வாசித்தான். மிக்சரில் குனிந்திருந்தவர் நிமிர்ந்து, "மைக்கை மாத்திட்டீங்களா?" என்று கேட்டார். தம்பி என்னைப் பார்த்து, "படத்துல அப்படித்தானே மாட்டியிருந்தாங்க" என்றான், ஏதோ நான்தான் ஏமாற்றிவிட்ட மாதிரி.

ஸ்டாண்டு மைக் என்றாலும் விதி இதுதான். பெல்லிலிருந்து ஒன்றரைச் சாண் தள்ளி, இரண்டு கைகளுக்கும் நடுப்பகுதியைப் பார்த்து வையுங்கள். பக்கத்தில் தவில் இருந்தால் அவ்வளவு தூரம் தாங்காது, தவில்தான் முதலில் மைக்கில் ஏறும். கொஞ்சம் நெருக்குங்கள், ஆனால் உள்ளே போகாதீர்கள். அப்புறம், ஆல்ட்டோவின் ஆக அடிச் சுரமே ஏறக்குறைய 139 ஹெர்ட்ஸ்தான். ஆகவே மிக்சரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பட்டனை அழுத்தினால் நீங்கள் எதையும் இழக்கப் போவதில்லை. மேடைப் பலகையின் தடதடப்புதான் போகும். அதைவிடப் பெரிய டெனர் சாக்ஸ் 104 வரை இறங்கும், அதற்கு 80 போதும்.

இன்னொரு மைக் வாங்குவதற்கு முன்னால் இருக்கிற மைக்கை நகர்த்திப் பாருங்கள். அதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.

காலர் மைக்

பேச்சாளர் சட்டையில் குத்தும் மைக் அது. பெரும்பாலும் எல்லாத் திசையிலும் காது வைத்திருக்கும், பலமாக ஊதினால் சத்தம் உடையும். வேண்டாம்.

எதில் செருகப் போகிறோம் என்று பார்க்காமல் வாங்குவது

கிளிப் மைக்குகளில் பெரும்பாலானவை கண்டென்சர் வகை. அவற்றுக்கு மின்சாரம் வேண்டும். கேபிளில் போட்டால் மிக்சர் 48 வோல்ட் ஃபேண்டம் பவர் தர வேண்டும். தோட்டக் கோயில் திருவிழாவுக்கு வரும் சின்ன மிக்சர் எல்லாவற்றிலும் அந்த வசதி இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், முதல் நாளே போன் போட்டுக் கேளுங்கள்.

வயர்லெஸ்ஸில் இடுப்பில் மாட்டும் பெட்டி அந்த மின்சாரத்தைக் கொடுத்துவிடும். அங்கே சிக்கல் வேறு. ஷூர் பெட்டிகளில் பெரும்பாலும் நாலு முள் குட்டி இணைப்பு, ஏகேஜியில் மூன்று முள், சென்ஹைசரின் பல பெட்டிகளில் திருகிப் பூட்டும் 3.5 மில்லிமீட்டர் ஜாக். முனையை மட்டும் வெட்டி ஒட்டினால் ஆகாது, உள்ளே வயர் வரிசையும் மாறும். மைக்கையும் பெட்டியையும் ஒரே கம்பெனியில் எடுப்பது தலைவலியைக் குறைக்கும்.

மலிவு வயர்லெஸ்

2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் சின்னக் கருவிகள் வீட்டில் அருமையாக வேலை செய்யும். மண்டபத்தில் நூற்றுக்கணக்கான கைப்பேசிகளின் வைஃபையும் புளூடூத்தும் அதே இடத்தில்தான் நெருக்கியடிக்கின்றன. பாட்டு நடுவில் அறுந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் யூஎச்எஃப் செட் வாங்குகிறவர்கள் பின்பக்க ஸ்டிக்கரில் அலைவரிசையைப் படியுங்கள். மலேசியாவில் 2019ல் அனலாக் டிவியை நிறுத்தினார்கள். அதில் காலியான 700 மெகாஹெர்ட்ஸ் இப்போது 5ஜிக்குப் போய்விட்டது. அந்த அலைவரிசையில் ஓடும் பழைய செட்டுகள்தான் "நல்ல கம்பெனி, பாதி விலை" என்று விற்பனைக்கு வருகின்றன.

வீட்டு அறையில் ஊதிப் பார்த்து முடிவெடுப்பது

அறையில் எல்லா மைக்கும் நன்றாகத்தான் கேட்கும்.

டைனமிக் என்றால் இளக்காரம்

டைனமிக் என்பது மின்சாரம் கேட்காத மைக் வகை. கண்டென்சர்தான் உசத்தி என்று யாரோ சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். தகரக் கூரையும் சிமெண்டுச் சுவருமாக இருக்கும் பாலாய் ராயாவில், அதாவது ஊர்ப் பொது மண்டபத்தில், அந்த உசத்தி மைக் தவிலையும், ஃபேனையும், பின்னால் தட்டு கழுவுவதையும் சேர்த்தே எடுத்துக் கொடுக்கும். 1960களிலிருந்து மேடையில் இருக்கும் ஷூரின் டைனமிக் மைக்குகளான எஸ்எம்57, எஸ்எம்58 இரண்டும் சாக்ஸுக்குத் தாராளமாகப் போதும், சவுண்ட்காரர் பெட்டியில் ஒன்றாவது கிடக்கும். காசு இருந்தால் சென்ஹைசர் எம்டி421. எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ20 அருகில் வைத்தாலும் அடித்தொனியை ஊதாத மாதிரி செய்தது. ஆனால் கனம், இளைத்த ஸ்டாண்டு அதைத் தாங்காமல் தலை குனிந்துவிடும்.

மானிட்டரை, அதாவது வாசிப்பவர் தன்னைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கரை, எங்கே வைப்பது என்பதும் மைக்கைப் பொறுத்தது. எஸ்எம்58 மாதிரி கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப் பக்கம் காது கேட்காது, மானிட்டர் நேர் பின்னால் இருக்கலாம். பீட்டா 58 மாதிரி சூப்பர்கார்டியாய்டு பின்பக்கம் கொஞ்சம் கேட்கும், அதற்கு மானிட்டரை நேர் பின்னால் வைக்காமல் பின்பக்க மூலைக்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.

கிளிப் மைக்கோடு மேடையை விட்டு இறங்கி விருந்தினர் மேசைகளுக்கு நடுவே போகிற ஆசை எல்லோருக்கும் உண்டு. பெரிய ஸ்பீக்கர்களைத் தாண்டி முன்னால் வந்ததும் ஊளை கிளம்பும். சவுண்ட் செக்கிலேயே அந்த வழியில் ஒரு நடை நடந்து, எந்த இடத்தில் கிளம்புகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வீட்டார் மேசை சரியாக அங்கேதான் போட்டிருக்கிறது என்றால் எட்ட நின்றே வாசியுங்கள்.