கூட்டு ஆய்வுத் திட்டத்துக்கு நிர்வாகி: எப்போது நியமிப்பது?

பல நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் கூட்டு ஆய்வுத் திட்டத்துக்குத் தனியாக ஒரு நிர்வாகி வேண்டுமா என்ற கேள்வி பெரும்பாலும் காலங்கடந்துதான் எழுகிறது. முதல் அறிக்கைக்கான கெடு நெருங்கிவிட்டது, ஒரு நிறுவனத்தின் செலவுக் கணக்கு வரவில்லை, இன்னொரு நிறுவனத்தில் ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் கிடக்கிறது என்ற நிலையில் முதன்மை ஆய்வாளர் ஓர் ஆளை அமர்த்த நினைத்தால், அந்த ஆளுக்கான சம்பளம் பட்ஜெட்டில் இருக்காது. ஆகவே முடிவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பணம் ஒதுக்குவது ஒன்று, ஆளை அமர்த்துவது இன்னொன்று. முன்னதை முன்மொழிவு எழுதும்போதே செய்துவிட வேண்டும். பின்னதற்குச் சற்றுப் பொறுக்கலாம்.

பணம் ஒதுக்குமுன் நிதி தரும் அமைப்பின் விதியைப் படித்தாக வேண்டும். அமெரிக்கக் கூட்டரசு நல்கைகளில் (அரசு தரும் ஆய்வு நிதி) அலுவலக ஊழியர் சம்பளம் பொதுவாக மறைமுகச் செலவிலேயே, அதாவது கட்டடம், அலுவலகம் போன்ற பொதுச் செலவுகளுக்காக நிறுவனம் வாங்கும் பங்கிலேயே, அடங்கிவிடுகிறது; அந்தப் பணி திட்டத்தோடு பின்னிப் பிணைந்தது என்றும், அதே தொகை மறைமுகச் செலவாக மறுபடியும் வாங்கப்படவில்லை என்றும் காட்டினால்தான் அதை நேரடிச் செலவில் சேர்க்க இடமுண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதியுதவியான ஹொரைசன் யூரோப் திட்டங்களில் ஒருங்கிணைப்புக்கென்றே தனிப் பணித்தொகுப்பு (திட்ட வேலையின் ஒரு பிரிவு) வைப்பது வழக்கம் என்பதால், நிர்வாகியின் மாதங்களை அங்கே கணக்கிட்டு எழுதலாம். எந்த விதியானாலும், "நிர்வாக உதவி" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் வெட்டிவிடுவார்கள். எத்தனை ஒப்பந்தம், எத்தனை அறிக்கை, எத்தனை இடத்து அனுமதி என்று எண்ணிக்கையோடு எழுதினால் தொகை நிற்கும்.

அடுத்து, திட்டத்தின் அளவு. நான்கு நிறுவனங்கள் சேர்ந்தால் அவற்றிடையே 6 இணைப்புகள். ஒன்பது சேர்ந்தால் 36. இந்தக் கணக்கைக் காட்டி "ஆள் அதிகம், ஆகவே நிர்வாகி வேண்டும்" என்பவர்கள் உண்டு. என் கருத்தில் தலைகளின் எண்ணிக்கை நல்ல அளவுகோல் அன்று. 2009 இல் கணிதவியலாளர் டிமோத்தி கௌவர்ஸ் தொடங்கிவைத்த பாலிமேத் முயற்சியில் கணிதவியலாளர்கள் பலர் இணையத்தில் எல்லார் பார்வையிலும் கூடி ஒரு தேற்றத்துக்குப் புதிய நிரூபணம் கண்டார்கள். அங்கே பங்கிட வேண்டிய நல்கையும் இல்லை, அனுப்ப வேண்டிய மாதிரிகளும் இல்லை. நிர்வாகிக்கு என்ன வேலை? மாறாக, மூன்றே ஆய்வகங்கள் நோயாளிகளின் இரத்த மாதிரிகளைப் பரிமாறிக்கொள்ளும் திட்டத்தில் அறநெறி அனுமதி, தரவுப் பகிர்வு ஒப்பந்தம், சுங்கத் தாள்கள் என்று முதல் மாதத்திலேயே வேலை குவிந்துவிடும். எனவே மூன்றைப் பாருங்கள்: பணம் ஒரு நிறுவனத்தின் வழியாக மற்றவற்றுக்குப் போகிறதா, பொருளோ தனிமனிதர் தரவோ நிறுவன எல்லையைத் தாண்டுகிறதா, ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் ஆள் எடுக்க வேண்டியிருக்கிறதா. இவற்றில் இரண்டுக்கு ஆம் என்றால் அரை நேரப் பணியிடத்துக்காவது பணம் ஒதுக்கிவிடுவேன்.

திட்டம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், உங்கள் நேரம் எதற்குப் போகிறது என்று இரண்டு வாரம் தொடர்ந்து நாட்குறிப்பு எழுதுங்கள். அமெரிக்காவில் 2018 இல் ஆய்வாளர்களிடம் எடுத்த ஒரு கணிப்பின்படி, கூட்டரசு நிதித் திட்டங்களுக்கான அவர்களது நேரத்தில் சராசரியாக 44 விழுக்காடு நேரடி ஆய்வுக்குப் போகவில்லை. ஆனால் அந்த 44 முழுவதையும் நிர்வாகியிடம் தள்ளிவிட முடியாது. ஆய்வு முன்னேற்றத்தை எழுதுவது ஆய்வாளரின் வேலைதான். அதனால் குறிப்பில் இரண்டு பத்திகள் வேண்டும்: என் துறையறிவு தேவைப்பட்டவை, தேவைப்படாதவை. "செவ்வாய், 10.20. பில்லில் உள்ள ஆர்டர் எண்ணும் ஒப்புதல் தாளில் உள்ள எண்ணும் பொருந்தவில்லை. கணக்குப் பிரிவுக்கு மூன்று மின்னஞ்சல், 35 நிமிடம்." இது இரண்டாம் பத்தி. அப்பத்தி வாரத்துக்கு ஒரு முழு நாளைத் தாண்டினால் ஆள் தேவைதான். முனைவர் பட்டம் முடித்த இளைய ஆய்வாளரையும் இக்குறிப்பு எழுதச் சொல்லுங்கள்; பல குழுக்களில் பெயரில்லாத நிர்வாகி அவர்தான், அந்த வேலைக்கு அவருடைய கட்டுரைகள் பலியாகின்றன.

நேரத்தைவிடத் தெளிவான அறிகுறி ஒன்று உண்டு. நான் பங்கேற்ற ஒரு திட்டத்தில், கூட்டாளி நிறுவனத்தின் அறநெறி அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நாங்களும், நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று அவர்களும் இருந்துவிட்டோம். அனுமதி காலாவதியாகி, தரவுச் சேகரிப்பு 19 நாள் நின்றது. இத்தனைக்கும் யாருக்கும் வேலைப்பளு இல்லை. அது யாருடைய வேலை என்பதுதான் தெரியவில்லை. இப்படி ஒன்று நடந்தவுடனே நியமிக்கலாம், இன்னொன்று நடக்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

நியமிக்கக் கூடாத நேரமும் உண்டு. கட்டுரையில் யார் பெயர் முதலில், தரவு யாருக்குச் சொந்தம் என்ற சண்டையால் திட்டம் தேங்கியிருந்தால், நிர்வாகியால் அதைத் தீர்க்க முடியாது. தலைவர்கள் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டியது அது. அந்தச் சண்டைக்கு நடுவில் வருபவர் தூது போயே சலித்துவிடுவார்.

புதிய திட்டமானால், நல்கைக் கடிதம் கைக்கு வந்ததுமே ஆளைத் தேடத் தொடங்குங்கள். ஒப்பந்தங்களும் நியமனங்களும் முதல் ஆறு மாதத்தில்தான் நெருக்கியடிக்கும். அதுவரை முழு நேரமும், பிறகு அரை நேரமுமாக வைத்து, மீதி அரையை இன்னொரு திட்டத்தோடு பகிர்ந்துகொள்ளலாம். பணிக்காலத்தின் முடிவையும் கவனியுங்கள். ஹொரைசன் யூரோப்பில் அறிக்கைக் காலம் முடிந்து 60 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும்; திட்டத்தின் கடைசி நாளோடு நிர்வாகியின் வேலையும் முடிந்துபோனால், இறுதிக் கணக்கைக் கேட்டுக் கூட்டாளி நிறுவனங்களுக்கெல்லாம் கடிதம் எழுத ஆள் இருக்காது. திட்டம் முடிந்த பிறகான அந்த மாதங்களின் சம்பளம் எந்தக் கணக்கில் வரும் என்பதை நிதி அமைப்பிடம் முன்மொழிவுக் கட்டத்திலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.