கொங்கு நாட்டிலிருந்து போர் வரலாற்றாசிரியர் ஆக

எம்.ஏ. வரலாறு முடித்த கையோடு "கொங்கு நாட்டுப் போர்கள்" என்று ஒரு தலைப்பை எழுதி எடுத்துக்கொண்டு நெறியாளரைத் தேடிப் போகிறவர்கள் நிறைய. அந்தத் தலைப்பில் முனைவர் பட்டம் முடியாது. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி குறைந்தது 3 ஆண்டு, பொதுவாக அதிகபட்சம் 6 ஆண்டு. அதற்குள் நடுகல்லில் தொடங்கிச் சூலூர் விமானப்படைத் தளம் வரை யாரும் படித்துத் தீர்க்க முடியாது. "1790 ஜூலை முதல் நவம்பர் வரை, கோயமுத்தூர்ச் சீமையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜெனரல் மெடோஸ் படைக்குத் தானியமும் மாடும் எங்கிருந்து வந்தன?" என்று சுருக்குங்கள், முடியும். காலம், இடம், படை, கேள்வி நான்கும் ஒரே வாக்கியத்தில் அடங்க வேண்டும்.

தானியமும் மாடும் எதற்கு என்று கேட்பீர்கள். 1790 செப்டம்பர் 13 அன்று கஜலஹட்டிக் கணவாய் வழியாக இறங்கி வந்த திப்புவின் படை, சத்தியமங்கலம் எதிரே பவானியின் தென்கரையில் இருந்த கர்னல் ஃபிளாய்டின் கம்பெனிப் படையோடு மோதியது. அன்றைய பீரங்கிச் சண்டையில் வண்டி மாடுகள் ஏராளமாகச் செத்தன. மறுநாள் பின்வாங்கும்போது ஃபிளாய்டின் ஆட்கள் இழுக்க மாடில்லாமல் சில பீரங்கிகளை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். மெடோஸ் கோயமுத்தூரில், இன்னொரு பிரிவு பாலக்காட்டு முற்றுகையில், ஃபிளாய்டு சத்தியில் என்று படை மூன்றாகப் பிரிந்து கிடந்ததுதான் இதன் பின்னணி. வாள்வீச்சை மட்டும் எழுதுகிறவருக்கு இந்தத் தோல்வி விளங்காது.

தேர்வும் மொழியும்

நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதி) தேர்வில் வரலாற்றின் பாட எண் 06, பாதுகாப்பு மற்றும் உத்திசார் ஆய்வுகளின் எண் 11. போர் என்ற சொல்லைப் பார்த்து 11ஐ எடுத்துவிடாதீர்கள். அதன் பாடத்திட்டம் பெரும்பாலும் உத்திக் கோட்பாடு, சர்வதேச உறவு, இன்றைய பாதுகாப்பு. ஆவணத்தை வைத்து எழுதப்போகிறவருக்கு 06தான் பொருந்தும். கலைக் கல்லூரிகளில் வரலாற்றுத் துறைகளும் அதிகம். இரண்டு தாளும் சேர்த்து 3 மணி நேரம், 150 கேள்வி, 300 மதிப்பெண், தவறுக்குக் கழிவு இல்லை. ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய். அது இல்லாவிட்டால் சென்னையில் அறை எடுத்துத் தங்கி ஆவணம் பார்ப்பது பெரும்பாடு.

மைசூர்ப் போர்களுக்கு ஆங்கிலம் மட்டும் போதாது. பாரசீகம் அல்லது கன்னடம், ஏதாவது ஒன்று எழுத்துக்கூட்டியாவது படிக்கத் தெரிய வேண்டும். தாளவாடி, சத்தியமங்கலம் பக்கத்தில் வீட்டிலேயே கன்னடம் பேசி வளர்ந்தவர்கள் அந்த வசதியைப் பயன்படுத்தாமல் விடுவதுதான் வருத்தம்.

ஆவணக் காப்பகத்தில்

முதல் இடம் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். நெறியாளர் கடிதம், அடையாள அட்டை, இரண்டு புகைப்படம், பென்சில் எடுத்துப் போங்கள். பேனாவை வெளியே வைத்துவிடுங்கள். கம்பெனியின் ராணுவத் துறை ஆலோசனைப் பதிவுகள் 1752லிருந்து தொடங்குகின்றன. முதலில் அந்தந்த ஆண்டின் அட்டவணையைக் கேட்டு வாங்கி, ஊர்ப் பெயரையும் அதிகாரி பெயரையும் தேடிப் பக்க எண்களைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகே தொகுதியைக் கேளுங்கள். நேரே தொகுதியைப் புரட்டத் தொடங்கினால் ஒரு வாரம் காணாமல் போகும்.

இங்கே வழுக்கும் இடங்கள் சில.

ஒன்று தேதி. பதிவின் தலையில் இருப்பது சென்னைக் கோட்டையில் சபை கூடிய நாள். களத்திலிருந்து வந்த கடிதத்தின் தேதி உள்ளே இருக்கும். அந்தக் கடிதம் சொல்லும் சம்பவம் அதற்கும் முந்தியது. மூன்று தேதியையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள். சபை கூடிய நாளைச் சண்டை நடந்த நாளாகப் போட்ட கட்டுரைகள் இன்றும் மேற்கோளாகிக்கொண்டிருக்கின்றன. எதிர்த்தரப்பு ஆவணத்துக்கு இன்னும் கவனம் வேண்டும். திப்பு கொண்டுவந்த மௌலூதி ஆண்டுக் கணக்கு, வழக்கமான இஸ்லாமிய ஆண்டான ஹிஜ்ரியோடு ஒத்துப்போகாது.

இரண்டாவது ஊர்ப் பெயர். தாராபுரத்தையும் தர்மபுரியையும் கம்பெனி எழுத்தர்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி எழுதியிருப்பார்கள். பக்கத்தில் வேறு எந்த ஊர் வருகிறது, எந்த ஆற்றைக் கடந்தார்கள் என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். அமராவதி வந்தால் தாராபுரம். சங்ககிரி, சத்தியமங்கலம், பெருந்துறை எல்லாவற்றுக்கும் நாலைந்து எழுத்துக்கூட்டல் இருக்கும். உங்களுக்கென்று ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்தில் இரட்டை எஸ் வரும் இடத்தில் முதல் எழுத்து எஃப் போலத் தெரியும். பழகிக்கொள்ள ஒரு வாரம் ஆகும்.

மூன்றாவது தலைக்கணக்கு. படைப் பட்டியலில் "ரேங்க் அண்ட் ஃபைல்" என்று ஓர் எண் இருந்தால் அதில் அதிகாரிகளும் ஹவில்தார்களும் சேர்த்தி இல்லை. மாட்டுக்காரர், டோலி தூக்கிகள், கடைக்காரர், குடும்பங்கள் யாரும் அதில் வர மாட்டார்கள். பட்டியலில் உள்ள சிப்பாய்களைவிடப் பல மடங்கு ஆட்கள் கூடவே நடந்தார்கள். குடிநீர்க் கணக்குப் போடும்போது இதை மறந்தால் எல்லாமே தப்பாகும்.

சென்னையில் ஏடு நொறுங்கிப் போய்த் தர மறுத்தால் மனம் தளர வேண்டாம். கம்பெனி ஒரு படியை லண்டனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அது பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபிஸ் ஆவணங்களில் இருக்கும். டில்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். பாளையக்காரர் தரப்புக்கு, காலின் மெக்கன்சி தொகுத்த சுவடிகள் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளன. அந்த வம்சாவளிகள் பட்டத்தையும் நிலத்தையும் நிலைநாட்ட எழுதப்பட்டவை. போரின் தேதிக்கு அவற்றை நம்ப வேண்டாம். யார் யாருக்கு உறவு, யாருக்கு யார் பகை என்பதற்கு நல்ல சான்று.

களத்தில்

ஆவணத்தில் படித்ததை நிலத்தில் வைத்துப் பார்க்காமல் எழுதாதீர்கள். கொங்கில் பிறந்தவருக்கு உள்ள பெரிய வசதியே இதுதான், விடுமுறை நாளில் பேருந்தில் போய் வந்துவிடலாம்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தை எடுங்கள். அதில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. பழைய படையணி வரைபடத்தை க்யூஜிஐஎஸ் மென்பொருளில் அதன் மேல் பொருத்தும்போது குறைந்தது ஆறு புள்ளிகள் வையுங்கள். சென்னிமலை, சிவன்மலை, சங்ககிரி உச்சி, பவானி கூடுதுறைக் கோயில் போன்றவை இடம் மாறாதவை. ஆற்று வளைவையும் பாதைச் சந்திப்பையும் புள்ளியாக வைத்தால் வரைபடம் கோணிக்கொள்ளும்.

அடுத்து, 1790ல் இல்லாதவற்றை மனதில் அழியுங்கள். பவானிசாகர் அணை 1955ல் முடிந்தது. கீழ்பவானி வாய்க்கால் பாயும் நெல் வயலும் மஞ்சள் தோட்டமும் அன்றைக்கு வானம் பார்த்த பூமி. கண்ணை மறைக்கும் சீமைக்கருவேலம் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. ஆனால் காளிங்கராயன் வாய்க்கால் அன்றே ஓடியது. கிளுவை வேலி அடைத்த கொரங்காடு (மேய்ச்சல் நிலம்) இருந்த இடத்தில் குதிரைப்படை பரந்து பாய முடியாது. அதே வேலி காலாட்படைக்கு மறைவிடம். தென்மேற்குப் பருவமழை நீலகிரியில் பெய்யும் ஆகஸ்ட், செப்டம்பரில் பவானியைக் கடப்பது எளிதில்லை. ஆகவே எந்தத் துறையில் எந்த மாதம் கடந்தார்கள் என்பதைப் பார்க்காமல் "படை ஆற்றைக் கடந்தது" என்று எழுதிவிட்டுப் போகக் கூடாது.

மோயாற்றை ஒட்டிய அந்தக் கஜலஹட்டிக் கணவாய்ப் பாதை இப்போது சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்காதீர்கள். யானை ஒருபக்கம், வழக்கு மறுபக்கம். பாதையின் அடிவாரத்தில் இருந்த டணாயக்கன்கோட்டை பவானிசாகர் நீருக்கடியில். கடும் வறட்சியில் நீர் மிகவும் இறங்கினால் கோயில் இடிபாடு தலைகாட்டும். சங்ககிரிக் கோட்டை தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளது; டிரோன் பறக்கவிட முன் அனுமதி தேவை. மேலே ஏறி நின்று, எந்தெந்த ஊர் தெரிகிறது, எந்தப் பள்ளம் மறைகிறது என்று குறியுங்கள். அன்றைய மஸ்கட் துப்பாக்கி 100 மீட்டருக்கு அப்பால் குறிவைத்துச் சுட உதவாது. 6 பவுண்டு குண்டு வீசும் பீரங்கிக்குச் சில நூறு மீட்டர். இந்தத் தொலைவுகளுக்குள் வராத எந்த வர்ணனையையும் சந்தேகியுங்கள்.

சின்னமலை பற்றி எழுதும்போது

கம்பெனியை எதிர்த்த தீரன் சின்னமலையின் ஓடாநிலை, அரச்சலூர்ச் சண்டைகளைப் பற்றி ஊரில் ஒரு கதை, ஆவணத்தில் ஒரு செய்தி என்று இருக்கும். உடனே கதையை ஒதுக்குவதும் தப்பு, அப்படியே ஏற்பதும் தப்பு. அவர் தூக்கிலிடப்பட்ட தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1805 ஜூலை 31 என்று நூல்கள் சொல்கின்றன. நினைவு நாளோ ஆடி 18ல், அதாவது இப்போது ஆகஸ்ட் 2 அல்லது 3ல் வருகிறது. ஏதோ ஒன்று பொய் என்று துள்ளாதீர்கள். தமிழ்ச் சூரிய ஆண்டு கிரிகோரியன் ஆண்டைவிடச் சற்றே நீளம். 220 ஆண்டில் சுமார் மூன்று நாள் நகர்ந்துவிடும். கணக்கைப் பின்னோக்கிப் போட்டால் 1805ன் ஆடி 18, ஜூலை 31ஐ ஒட்டியே விழுகிறது. ஊர் நினைவும் நூலும் ஒத்துப்போகின்றன. இப்படிச் சோதித்த பிறகே விழா மேடையில் வாயைத் திறங்கள். சோதிக்காமல் மறுத்தால் வரும் சண்டையில் உங்கள் பக்கம் ஒரு படையும் நிற்காது.

வேலையும் வெளியீடும்

பணம் கட்டினால் ஒரே வாரத்தில் அச்சிடும் இதழ்களில் போடாதீர்கள். தேர்வுக்குழுவில் அவை உங்களுக்கு எதிராகவே நிற்கும். இந்திய வரலாற்றுப் பேரவை, தென்னிந்திய வரலாற்றுப் பேரவை ஆண்டு அமர்வுகளில் வாசித்துக் கேள்வி வாங்கிய பிறகு இதழுக்கு அனுப்புங்கள். கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆனாலும் போர் வரலாறு என்று தனிப் பாடம் பெரும்பாலும் இருக்காது. உலக வரலாறும் சுற்றுலாவும்கூட நடத்த வேண்டியிருக்கும். ஆய்வு கோடை விடுமுறைக்குத் தள்ளப்படும். குன்னூர் வெலிங்டனில் உள்ள முப்படைப் பணியாளர் கல்லூரியும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் கோவையிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவுதான். உள்ளே போக உங்கள் நிறுவனத்தின் தலைப்புத் தாளில் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

உயிரோடிருக்கும் சாட்சிகள்

1965, 1971 போர்களில் நின்றவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கடிதம் கொடுத்துத் தொடர்பு கேளுங்கள். முதல் சந்திப்பில் சண்டையைப் பற்றிக் கேட்காதீர்கள். டிஸ்சார்ஜ் புக்கைப் பார்த்து ரெஜிமென்ட், சேர்ந்த நாள், ஓய்வு நாள் குறியுங்கள். பதக்கத்தின் விளிம்பில் பெயரும் எண்ணும் பொறித்திருந்தால் சாய்வான வெளிச்சத்தில் படம் எடுங்கள். பிறகு என்ன சாப்பிட்டீர்கள், எந்த ரயிலில் போனீர்கள், கடிதம் எத்தனை நாளில் வந்தது என்று கேளுங்கள். அதன் வழியே மற்றவை தானாக வரும். ஒலிப்பதிவை டபிள்யூஏவி வடிவில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஒப்புதல் கடிதத்தில் யார் கேட்கலாம், எப்போது வெளியிடலாம் என்று எழுதி வாங்குங்கள். இன்றைய தளம், ஆயுதம், படைநிலை பற்றிய பேச்சு வந்தால் பதிவை நிறுத்திவிடுங்கள், 1923ஆம் ஆண்டு அரசு ரகசியச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் திரும்பி வராதவர்களுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடல் உண்டு. பல பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும் இருக்கும். மாவட்டத்தின் பெயரை இன்றைய எழுத்தில் தேடிவிட்டு நிறுத்தாதீர்கள். திருப்பூர், ஈரோடு ஊர்களெல்லாம் அப்போது கோயமுத்தூர் மாவட்டம், நாமக்கல் சேலத்தோடு இருந்தது.